புளூ லைன் தேடி ஆறு நாள்: கேம்பிரிட்ஜ், நாரிச், லஃபரோ

செப்டம்பர் 11, வியாழன். கேம்பிரிட்ஜ்

விடிந்ததிலிருந்து தூறல். 14 டிகிரி, கூடவே காதை அறுக்கும் காற்று. ஆங்கிலேய முறையில் கோபுர மணி அடிப்பவர்களுக்கென்று இருக்கும் புத்தகம், மென்பொருள், நினைவுப் பொருள் மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிட வேண்டும் என்று திட்டமிட்ட பயணம் இது. அதைத் தொடங்கக் கேம்பிரிட்ஜைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

செயின்ட் பெனட் தேவாலயத்தின் கோபுரம் ஆங்கிலோ-சாக்சன் காலத்தது. ஊரில் நிற்கும் கட்டடங்களில் அதுதான் மூத்தது. உள்ளே 6 மணிகள். அச்சுத் தொழில் பழகிய ஃபேபியன் ஸ்டெட்மனின் பெயரை இந்தக் கோபுரத்தோடு சேர்த்தே சொல்வார்கள். 1668இல் ரிச்சர்ட் டக்வொர்த் எழுதிய 'டின்டினலோஜியா'வை வெளியிட்டவர் ஸ்டெட்மன். 1677இல் 'கேம்பனலோஜியா'வை அவரே எழுதினார். மணிகளை எந்த வரிசையில் அடிப்பது என்பதைப் பேசும் புத்தகங்கள் இந்த இரண்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

நம் ஊர் மணியை மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றைத் திறந்தால் ஒன்றும் பிடிபடாது. இங்கே ஒவ்வொரு மணியும் ஒரு பெரிய மரச் சக்கரத்தோடு பிணைந்திருக்கும். கயிறு அந்தச் சக்கரத்தின் விளிம்பில் ஓடும். அடிக்கத் தொடங்கும் முன் மணியை ஆட்டி ஆட்டி, வாய் மேலே பார்க்கும்படி தலைகீழாக நிறுத்திவிடுவார்கள். ஓர் இழுப்புக்கு மணி முழு வட்டம் சுற்றி மறுபடி தலைகீழாக வந்து நிற்கும். அடுத்த இழுப்புக்கு எதிர்த் திசையில் சுற்றும். ஒரு மணிக்கு ஓர் ஆள். அரை டன் எடை தலைகீழாக நிற்கும் அந்த ஒரு கணத்தில்தான் அதைக் கொஞ்சம் பிடித்து வைக்கவோ கொஞ்சம் முந்தவிடவோ முடியும். அதனால் இந்த மணிகளில் பாட்டு வாசிக்க வழியில்லை. அடுத்த வரிசையில் ஒரு மணி ஓர் இடம் முன்னே வரலாம், ஓர் இடம் பின்னே போகலாம், அல்லது அதே இடத்தில் நிற்கலாம். அதற்கு மேல் எடை விடாது.

4 மணிகளை வைத்து இதை எழுதிப் பார்க்கலாம்: 1234, 2143, 2413, 4231, 4321, 3412, 3142, 1324, மறுபடி 1234. இதற்குப் பிளெயின் ஹண்ட் என்று பெயர். 1ஆம் மணியை மட்டும் விரலால் தொடர்ந்து போனால் அது 1, 2, 3, 4, 4, 3, 2, 1, 1 என்ற இடங்களில் நடந்து திரும்புகிறது. அந்த நடையைக் கோடாக வரைந்தால் கிடைப்பதுதான் புளூ லைன். எண்களை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, கோட்டைத்தான் செய்கிறார்கள். புத்தகம், செயலி, குவளை என எதை வாங்கினாலும் கடைசியில் அந்தக் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மதியம் பழைய புத்தகக் கடைகள். 19ஆம் நூற்றாண்டில் ஜாஸ்பர் ஸ்னோடன் எழுதிய புத்தகங்கள் இன்றும் தேடப்படுகின்றன. அவருடைய 'ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ்' எழுத்துப் பகுதி ஒரு தொகுதியாகவும் வரைபடங்கள் தனித் தொகுதியாகவும் வந்தது. காலப்போக்கில் இரண்டும் பிரிந்துவிடும். இன்று பார்த்த ஒரு பிரதியிலும் எழுத்துப் பகுதி மட்டும்தான் இருந்தது. வரைபடம் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு படிக்க முடியாது. வாங்கினால் 12 பவுண்டு வீண். வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். மடிப்புத் தாள்கள் கிழியாமல் இருக்கின்றனவா, கோடுகள் நடுப்பக்கத் தையலுக்குள் ஒளிந்துகொள்ளாமல் இருக்கின்றனவா, முந்தைய சொந்தக்காரர் பென்சிலால் திருத்தியிருக்கிறாரா. கடைசியானது குறையே அல்ல. அச்சுப் பிழையை மணியடித்துக் கண்டுபிடித்தவர் போட்ட திருத்தம் அது. அப்படிப்பட்ட பிரதிக்கு இரண்டு பவுண்டு கூடக் கொடுக்கலாம். 'டின்டினலோஜியா'வுக்குக் காசே வேண்டாம், புராஜெக்ட் குட்டன்பெர்க் இணையத்தளத்தில் முழுதாகக் கிடைக்கிறது.

கடைக்காரர் தன்னிடம் இல்லாத தொகுதிக்காக வேறொரு கடைக்குத் தொலைபேசியில் கேட்டார். அங்கும் இல்லை. "மன்னிக்கணும்" என்று மூன்று முறை சொன்னார். மாலையில் ஃபிட்ஸ்பில்லீஸ் கடையின் செல்சி பன். பட்டை மணக்க, பாகு விரலில் ஒட்டும். பழைய புத்தகத்தைத் தொடும் முன் கை கழுவியே ஆக வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி. நாரிச்

ரயில் ஈலியைத் தாண்டிச் சதுப்புநிலச் சமவெளியில் ஓடுகிறது. தட்டையான வயல், வாய்க்கால், தொலைவில் ஒற்றைக் கோபுரம். டோரதி சேயர்ஸின் 1934ஆம் ஆண்டு நாவல் 'தி நைன் டெய்லர்ஸ்' இந்த நிலப்பரப்பில்தான் நடக்கிறது. மணியடிக்கத் தெரியாதவர்களும் வாங்கும் ஒரே மணிப் புத்தகம் அதுதான். அதில் 9 மணி நேரத்தில் 15,840 மாற்றங்கள், அதாவது புதுப் புது வரிசைகள், அடிப்பதாக வரும். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 29 சொச்சம். நிஜக் கோபுரத்தின் வேகமும் ஏறக்குறைய அதேதான்.

நாரிச்சில் போக வேண்டிய இடம் செயின்ட் பீட்டர் மேன்கிராஃப்ட். 7 மணிகளை வைத்து 5,040 வரிசைகள் அமைக்க முடியும். ஒன்றைக்கூட இரண்டாம் முறை அடிக்காமல் அத்தனையையும் முதன்முதலில் இங்கேதான் அடித்து முடித்தார்கள், 1715 மே 2ஆம் தேதி, 3 மணி 18 நிமிடத்தில். அதைச் சொல்லும் பலகை மணியடிக்கும் அறையில் இருக்கிறது.  ஒரு மாற்றம்கூட இன்னொன்றைப் போல் இல்லை, ஒரு மணிகூட முறை தவறவில்லை. குறிப்புத் தாளைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது, இரண்டு கையும் கயிற்றில். மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீர் குடிக்கவும் இடைவெளி இல்லை. இப்படி நிறுத்தாமல் அடிக்கும் நீண்ட அடிப்புக்குப் பீல் என்று பெயர், இன்றும் அதற்குக் கிட்டத்தட்ட இதே அளவுதான்: 7 அல்லது அதற்குக் குறைந்த மணிகளுக்கு வழக்கமாக 5,040, எப்படியும் 5,000க்குக் குறையாமல். அதில் கால்பங்கு குவார்ட்டர் பீல், முக்கால் மணி நேரம்.

இந்தக் கோபுரத்தில் கணினியோடு இணைத்த பயிற்சி மணிகளும் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் ஊரையே எழுப்பாமல் கயிறு பிடிக்கப் பழகலாம்.

படிக்கட்டு பற்றி ஒரு வார்த்தை. பழைய கோபுரங்களில் சுழல் படிதான், தேய்ந்து சரிந்த கல், கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு. முதுகுப் பையோடு ஏறினால் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். வாங்கிய புத்தகங்களைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். மேலே போன பிறகு ஒரு விதி: யாரிடமும் கேட்காமல் எந்தக் கயிற்றையும் தொடக் கூடாது. மணி மேலே தலைகீழாக நிறுத்தப்பட்டிருந்தால், விளையாட்டாக இழுப்பவர் கயிற்றோடு கூரைக்குப் போவார்.

வெளியே வந்தால் எதிரிலேயே நாரிச் சந்தை, வரிவரியாகக் கோடு போட்ட கூரைகள். சிப்ஸ், மசித்த பட்டாணி, மேலே புதினாச் சாறு. 6 பவுண்டுக்கு வயிறு நிறைந்தது. மழை விட்டு ஒரு மணி நேரம் வெயில். பக்கத்தில் நின்று சாப்பிட்ட பெண்மணி கையிலிருந்த புத்தக அட்டையைப் பார்த்துவிட்டு "எத்தனை மணிகளில் அடிப்பீர்கள்?" என்று கேட்டார். இந்த ஊரில் அது அதிசயமான கேள்வி இல்லை.

செப்டம்பர் 13, சனி. நார்ஃபோக்கில் ஒரு சிற்றூர்

செப்டம்பரில் இங்கிலாந்து முழுதும் பழைய கட்டடங்களைச் சில நாட்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். அதை ஒட்டி இந்தச் சிற்றூர்த் தேவாலயத்தில் மணிக்கூண்டு திறப்பு, தேநீர், விற்பனை மேசை. பேருந்து 40 நிமிடம் தாமதம். நிறுத்தத்தில் கூரை இல்லை, மழை திரும்பிவிட்டது.

மேசையில் இருந்தவை: டீ டவல் 8 பவுண்டு, கழுத்துப்பட்டை 15, சாலி வடிவச் சாவிக்கொத்து 6, பீங்கான் குவளை 9, பழைய புத்தகங்கள் எல்லாம் 3. சாலி என்பது கயிற்றில் கை பிடிக்கும் இடத்தில் கம்பளி நூலைச் செருகிப் பருமனாக்கிய பகுதி. நிஜத்தில் சுமார் 3 அடி நீளம், சிவப்பு-வெள்ளை-நீலம் என்று வரிவரியாக இருக்கும். கயிற்றின் புரிகளைத் திறந்து கம்பளிக் குஞ்சங்களை ஒவ்வொன்றாகச் செருகி, புரி தானே இறுக்கிக்கொண்ட பிறகு கத்தரியால் மட்டம் செய்வார்கள். சாவிக்கொத்து வாங்கும்போது குஞ்சத்தை லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். செருகியதாக இருந்தால் அசையாது, பசையால் ஒட்டியதாக இருந்தால் கையோடு வரும். அந்த மேசையில் இருந்தவை செருகியவை.

குவளையில்தான் கோளாறு. மெத்தட் என்பது வரிசைகள் மாறும் ஒழுங்கு; பிளெயின் பாப் மைனர் என்ற 6 மணி மெத்தடின் முதல் லீட், அதாவது முதல் 12 மாற்றங்கள், அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது. எண்கள் கறுப்பில், 1ஆம் மணியின் பாதை சிவப்பில், 2ஆம் மணியின் பாதை நீலத்தில். சரியான வரிசை இப்படி வர வேண்டும்:

123456
214365
241635
426153
462513
645231
654321
563412
536142
351624
315264
132546
135264

குவளையில் மேலிருந்து 10ஆம் வரி 351264 என்று இருந்தது. அதற்கு முந்தைய வரி 536142. அதில் 2ஆம் மணி கடைசி இடத்தில், 6ஆம் மணி மூன்றாம் இடத்தில். குவளையை நம்பினால் 2ஆம் மணி ஒரே தாவில் நான்காம் இடத்துக்கும், 6ஆம் மணி ஐந்தாம் இடத்துக்கும் போக வேண்டும். இரண்டு இடம் தாவ எந்த மணியாலும் முடியாது. நீலக் கோடு மட்டும் சரியாகவே வரையப்பட்டிருந்ததால், அந்த வரியில் அது 2 என்ற எண்ணை விட்டுவிட்டு 6இன் மேல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு எண்கள் இடம் மாறி அச்சானதுதான் காரணம்.

மேசையில் இருந்த முதியவரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து, 13 வரியையும் ஒரு முறை மனத்துக்குள் அடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மேசையில் இருந்த குவளைகள் அத்தனையையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "இதைப் பார்த்து ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் என்ன ஆவது?" என்றார். விற்பனைப் பணம் கயிறு மாற்றுவதற்காகச் சேர்ப்பது. இருந்தும் தவறான கோட்டை விற்க அவருக்கு மனம் வரவில்லை. டீ டவலில் அதே மெத்தட் சரியாக இருந்தது, அதை வாங்கியாயிற்று.

நினைவுப் பொருள் வாங்கும் எவரும் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடலாம், ஒரு நிமிடம் போதும். அடுத்தடுத்த இரண்டு வரிகளில் எந்த எண்ணும் ஓர் இடத்துக்கு மேல் நகரக் கூடாது. முடிவில் திரும்பும் முதல் வரியைத் தவிர எந்த வரியும் திரும்ப வரக் கூடாது. பிளெயின் பாப் மைனர் என்றால் முதல் லீட் 135264இல் முடிய வேண்டும். முழுச் சுற்றும் அச்சாகியிருந்தால் 5 லீட், 60 மாற்றம், கடைசி வரி 123456. 2ஆம் மணியின் கோட்டில் லீட் முடிவுகளில் வரும் வேலைகளின் ஒழுங்கு: 3-4 கீழ்நோக்கி டாட்ஜ் (ஓர் இடம் பின்வாங்கி மறுபடி முன்போல் நடப்பது), 5-6 கீழ்நோக்கி, 5-6 மேல்நோக்கி, 3-4 மேல்நோக்கி, இரண்டாம் இடத்தில் நின்று திரும்புதல். 1ஆம் மணியைத் தவிர மற்ற மணிகளுக்கும் இதே வட்டம்தான், தொடங்கும் இடம் மட்டும் வேறு.

இந்தக் கோபுரத்தில் சிமுலேட்டர், அதாவது மணிக்குப் பதில் கணினி ஒலிக்கும் பயிற்சி ஏற்பாடு, இருக்கிறது. அதன் வேலை முறையைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. மணியின் நாக்கை இரு பக்கமும் அசையாதபடி கட்டிவிடுகிறார்கள்; மணி சுற்றும், சத்தம் வராது. சட்டத்தில் ஓர் உணரி, சக்கரத்தில் அதற்கு எதிராக ஓர் ஒளிப்பட்டை. மணி தன் சுற்றின் அடிப்பகுதியைக் கடக்கும்போது உணரி கணினிக்கு ஒரு துடிப்பை அனுப்பும். ஆனால் நிஜ மணியில் நாக்கு படுவது அந்தக் கணத்தில் அல்ல, மணி மறுபக்கம் ஏறி ஏறக்குறைய உச்சியை நெருங்கும்போது. அதனால் மென்பொருள் சுமார் அரை நொடி காத்திருந்து ஒலியை எழுப்ப வேண்டும். இந்தத் தாமதம் ஒவ்வொரு மணிக்கும் வேறு. 6 மணிகளுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் சிமுலேட்டரில் சரியாக அடிக்கப் பழகியவர் நாக்கை அவிழ்த்த அன்று முந்தியோ பிந்தியோ அடிப்பார். ஒவ்வொரு மணியையும் நாக்கோடு ஒரு முறை அடித்து, நிஜ ஒலியும் கணினி ஒலியும் ஒன்றாகக் கேட்கும்வரை எண்ணை மாற்ற வேண்டும்.

வேறு பழுதுகளும் உண்டு. உணரியின் கண்ணில் தூசியோ சிலந்தி வலையோ படிந்தால் மணி திடீரென்று ஊமையாகும். நாக்கைக் கட்டிய கயிறு தளர்ந்தால் நடுவில் நிஜ மணி ஒரு முறை உறுமும். இதையெல்லாம் சரிசெய்ய மேலே ஏறும் முன் மணிகள் எல்லாம் வாய் கீழே பார்க்கும்படி இறக்கப்பட்டிருக்க வேண்டும். தலைகீழாக நிற்கும் மணியைத் தெரியாமல் இடித்தால் அது சுற்றிவிடும். பக்கத்தில் நிற்பவர் பிழைக்க மாட்டார்.

வாரம் முழுதும் ஈரம் என்பதால் கயிறுகளின் வால் வழக்கத்தைவிட உயரத்தில் நின்றது. சணல் வகைக் கயிறு ஈரத்தில் சுருங்கும், வெயிலில் நீளும். வால் நுனியில் முடிச்சை அவிழ்த்து இரண்டு அங்குலம் விட்டுக் கட்டினார்கள். மேல்பகுதியில் பாலியெஸ்டர் சேர்த்த கயிறாக இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

தேநீரும் பிஸ்கெட்டும் இலவசம், பக்கத்தில் நன்கொடைப் பெட்டி. எலுமிச்சைக் கேக் ஒரு பவுண்டு.

செப்டம்பர் 14, ஞாயிறு. சாலையில்

ஞாயிறு காலை மேன்கிராஃப்ட் மணிகளைக் கீழே நின்று கேட்டுவிட்டுக் கிளம்பியாயிற்று. ஆராதனைக்கு முந்தைய அரை மணி நேரம்தான் மணியடிப்பவர்கள் உள்ள ஊர்களில் கேட்க அதிக வாய்ப்புள்ள நேரம். பிறகு லஃபரோ போகும் வழியில் தண்டவாள வேலை, ரயிலுக்குப் பதில் பேருந்து. மூன்றரை மணி நேரத்தில் போக வேண்டிய தூரம் ஆறரை மணி நேரம் ஆனது. சாண்ட்விச் 4 பவுண்டு 75, உள்ளே ஈரமான வெள்ளரிக்காயும் கொஞ்சம் வெண்ணெயும். ஓட்டுநர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

இந்த நேரத்தில் கைபேசிச் செயலிகளைப் பற்றி எழுதிவிடலாம். ஐபோனுக்கு மோபெல், ஆண்ட்ராய்டுக்கு மெத்தடாலஜி. இரண்டும் செய்வது ஒரே வேலை: ஒரு மெத்தடைத் தேர்ந்துகொண்டு, மற்ற மணிகளைச் செயலி அடிக்க, நம் மணியைத் திரையில் தட்டி அடிப்பது. மேசைக் கணினியில் நெடுங்காலமாக இருப்பது ஏபெல். விண்டோஸில் ஓடும், காசு கொடுத்து வாங்குவது. கோபுர உணரிகளோடு இணைக்கவும் அது பயன்படுகிறது. 2020 பெருந்தொற்றில் கோபுரங்கள் பூட்டப்பட்டபோது வந்தது ரிங்கிங் ரூம். இலவசம், உலாவி போதும், வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து அடிக்கலாம். ஆள் குறைந்தால் வீட்லி என்ற நிரல் மிச்ச மணிகளை அடிக்கும்.

ரிங்கிங் ரூமில் எல்லாரையும் படுத்துவது இணையத் தாமதம். ஒரு வரிசை 2 நொடி என்று வைத்துக்கொண்டால் 6 மணியில் அடுத்தடுத்த இரண்டு ஒலிகளுக்கு நடுவே மூன்றில் ஒரு நொடி. 8 மணியில் கால் நொடி. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இங்கிலாந்துக்காரர்களோடு சேர்பவரின் ஒலி அதில் பாதி இடைவெளி அளவுக்குப் பிந்தி வரலாம். காதுக்குக் கேட்பதை நம்பி அடித்தால் மேலும் பிந்தும். வேகத்தைக் குறைத்து, 6 மணிகளுக்கு மேல் போகாமல், கம்பியில்லா இணைப்பை விட்டுக் கம்பி இணைப்புக்கு மாறினால் தாக்குப்பிடிக்கும். புளூடூத் ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம், அது தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும்.

எந்தச் செயலியும் கயிறு பிடிக்கக் கற்றுத் தராது. கையாளப் பழகுவதற்கு ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும், பல வாரம் ஆகும். செயலி பழக்குவது கோட்டையும் தாளத்தையும்தான். அதை அது மிக நன்றாகச் செய்கிறது.

வழி தேட டவ்ஸ் கைடு. ரொனால்ட் டவ் 1950இல் முதன்முதலாக வெளியிட்ட கோபுரப் பட்டியல், இப்போது இணையத்தில் இலவசமாக இருக்கிறது. எந்த ஊரில் எத்தனை மணி, பயிற்சி எந்தக் கிழமை, தரைத்தளத்தில் நின்றே அடிக்கலாமா, கழிப்பறை உண்டா என்பதுகூட இருக்கும். எடையை 12-3-20 என்று போட்டிருப்பார்கள். முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், ஒன்று 112 பவுண்டு. நடு எண் கால்பங்கு, ஒன்று 28 பவுண்டு. கடைசி எண் பவுண்டு. ஆக 1,344, 84, 20 சேர்த்து 1,448 பவுண்டு, சுமார் 657 கிலோ. இது டெனர் எனப்படும் மிகப் பெரிய மணியின் எடை மட்டும். தொகுதி முழுதின் எடை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

அச்சில் வேண்டுமென்றால் 'தி ரிங்கிங் வேர்ல்ட்' 1911 முதல் வரும் வார இதழ். அவர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் சட்டைப்பை நாட்குறிப்பில் மெத்தடுகளின் கோடுகளும் இருக்கும். நினைவுப் பொருள் ஒன்றே ஒன்று வாங்குவதானால் அதைத்தான் சொல்வேன். ஓர் ஆண்டு முழுதும் கையில் இருக்கும், மின்கலம் தீராது, பேருந்தில் படிக்கலாம்.

செப்டம்பர் 15, திங்கள். லஃபரோ

வானம் வெளுத்தது. ஃப்ரீஹோல்ட் தெருவில் ஜான் டெய்லர் வார்ப்படச் சாலை. செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் கிரேட் பால், 16 டன்னுக்கு மேல், 1881இல் இங்கே வார்த்தது. லண்டன் வைட்சேப்பல் வார்ப்படச் சாலை 2017இல் மூடப்பட்ட பிறகு, பெரிய கோபுர மணி என்றால் பெரும்பாலும் இங்கேதான் வருகிறார்கள். புனேயின் ஹோலி நேம் தேவாலயத்துக்கு 1893இல் போன 8 மணிகளும் இங்கிருந்து போனவையே.

மணி வெண்கலம் ஏறக்குறைய 77 பங்கு செம்பு, 23 பங்கு வெள்ளீயம். நம் ஊர்க் கன்னார் கலக்கும் கணக்குக்கு வெகு பக்கம். வெள்ளீயம் இவ்வளவு இருப்பதால் உலோகம் விறைப்பாகும், ஒலி நீண்டு நிற்கும். அதனாலேயே தரையில் விழுந்தால் நெளியாமல் விரிசல் விடும். வார்த்து ஆறிய மணியை வாய் மேலே பார்க்கும்படி வைத்துச் சுழற்றி, உள்பக்கத்தைச் சுரண்டிச் சுருதி சேர்ப்பார்கள். சுரண்டச் சுரண்டச் சுருதி இறங்கும். கூடச் சுரண்டிவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை. ஒரு மணியில் ஐந்து சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சுரண்ட வேறு உயரம். 1896இலிருந்து டெய்லர் அந்த முறையில்தான் சுருதி சேர்க்கிறது.

இதே வளாகத்தின் கோபுரத்தில்தான் 1963 ஜூலை 27, 28 தேதிகளில் 8 மணிகளின் 40,320 மாற்றங்களையும், 8 பேர், ஒருவர்கூட மாறாமல், 17 மணி 58 நிமிடத்தில் அடித்து முடித்தார்கள். மெத்தட், பிளெயின் பாப் மேஜர். டீ டவலில் இருக்கிற மைனரின் அண்ணன் அது. நிறுத்தமே இல்லாத 18 மணி நேரம். 1715இன் பலகையைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கோபுரத்தின் கீழே நிற்கும்போது பேச்சு வரவில்லை.

ஊர்ப் பூங்காவில் 1923இல் திறந்த 47 மணிக் கேரிலான் கோபுரம். அது வேறு கலை. மணிகள் அசையாமல் தொங்கும், ஒரே ஆள் விசைப்பலகையில் வாசிப்பார், பாட்டும் வரும். பரிசுப் பொருள் கடைகளில் இரண்டையும் கலந்து அடுக்கி வைத்திருப்பார்கள். மணியடிப்பவருக்குக் கேரிலான் படம் போட்ட பொருளைக் கொடுத்தால் நன்றி சொல்வார், ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பழம்பொருள் கடையில் கைமணிகள். இதே மெத்தடுகளை ஒருவர் கைக்கு ஒன்றாக இரண்டு மணிகளை வைத்து வீட்டிலேயே அடிக்கலாம். 6 மணிகளுக்கு 3 பேர் போதும். நிஜமான கைமணியா, மேசை அலங்காரமா என்று நாக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நிஜ மணியில் நாக்கு ஒரே தளத்தில் முன்னும் பின்னும்தான் ஆடும், அடித்ததும் தானே விலகும். பொம்மை மணியில் எல்லாப் பக்கமும் சுழலும். விளிம்பை நகத்தால் சுண்டினால் ஒலி நெடுநேரம் நிற்க வேண்டும். ஊடே கரகரப்பு வந்தால் விரிசல். தோல் பிடி காய்ந்து வெடித்திருந்தால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். ஜோடியாக வாங்குவதானால் இரண்டையும் சேர்த்து அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. அந்தக் கடையில் இருந்த இரண்டும் வெவ்வேறு தொகுதியிலிருந்து வந்தவை, ஒன்றுக்கொன்று சேரவில்லை. 85 பவுண்டு கேட்டார்கள். அங்கேயே விட்டாயிற்று.

இரவு ரெட் லெஸ்டர் பாலாடைக்கட்டி போட்ட ரொட்டி, வெங்காய ஊறுகாய். 7 பவுண்டு 50.

செப்டம்பர் 16, செவ்வாய். கிளம்பும் நாள்

திங்கள் இரவு இங்கே ஒரு கோபுரத்தில் பயிற்சி. வெளியூர்க்காரர் நுழைந்தால் முதலில் கேட்பது பெயரை; அடுத்தது "என்ன அடிப்பீர்கள்?" இதற்குக் குறைத்தும் சொல்லக் கூடாது, கூட்டியும் சொல்லக் கூடாது. "பிளெயின் ஹண்ட் வரும்" என்றால் அதற்கேற்ற கயிற்றைக் கொடுத்து, பக்கத்தில் ஒருவரை நிறுத்துவார்கள். தெரியாத மெத்தடுக்குத் தலையாட்டினால் மற்ற 5 பேரின் அடியும் கெடும். "ஸ்டேண்ட்" என்று குரல் வந்தால் மணியை உச்சியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மணியை இவர்கள் "அவள்" என்றுதான் சொல்கிறார்கள். தொடங்கும்போது முதல் மணிக்காரர் "அவள் கிளம்புகிறாள், கிளம்பிவிட்டாள்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் இழுப்பார்.

பெட்டி கட்டும் கணக்கு. பழைய புத்தகம் நான்கு, மூன்றே கால் கிலோ. சட்டைகளுக்கு நடுவே, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி. மடிப்புத் தாள் உள்ள புத்தகத்தை ரப்பர் பட்டையால் கட்டக் கூடாது, துணிநாடாவால் கட்ட வேண்டும். ரப்பர் வெயிலில் உருகி அட்டையில் ஒட்டும். கழித்த கயிறு ஒன்றிலிருந்து வெட்டிய ஓர் அடிச் சாலியைக் கோபுரத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். வெட்டிய இரு முனையையும் உடனே நூலால் இறுகச் சுற்றிவிட வேண்டும், இல்லையென்றால் புரி பிரிந்து ஊர் போய்ச் சேரும்போது வெறும் கம்பளிக் குவியல்தான் இருக்கும். இந்தச் சாலியும் ஈரமாகத்தான் கைக்கு வந்தது. பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தாயிற்று. டீ டவலை மடிக்கும் முன் இன்னொரு முறை 13 வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தாயிற்று: 315264, 132546, 135264. சரிதான்.